இடித்தது டிரைவர், அனுப்பியது யார்?

கேள்வி: 2 ஜனவரி 2024

லாரிக்காரங்க ஸ்ட்ரைக்குன்னு வடக்க பெட்ரோல் பங்க் வாசல்ல எல்லாம் கூட்டம் நிக்குது. எதுக்கு? ஆளை அடிச்சுட்டு நிக்காம ஓடுற டிரைவருக்கு 10 வருஷம்னு சட்டம் வந்துருச்சாம். அதுல என்னங்க தப்பு? ஸ்டீயரிங் யார் கையில இருக்கோ அவன்தானே பொறுப்பு? மனசாட்சி இருக்கறவன் ஓடுவானா? மறுத்துப் பேச யாராவது இருந்தா பேசுங்க.

3 ஜனவரி 2024, இரவு 11.10

ஓடுவது தப்பு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் "ஸ்டீயரிங் யார் கையில இருக்கோ அவன்தானே பொறுப்பு" என்று முடித்துவிட்டீர்கள், அந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

முதலில் சட்டம். கவனக்குறைவால் உயிர் போனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருடம். டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதாவில், அது 106ஆம் பிரிவு. சாதாரணமாக 5 வருடம் வரை, சொல்லாமல் ஓடினால் 10 வருடம் வரை, 7 லட்சம் அபராதம். நேற்று ராத்திரி மத்திய அரசு லாரி சங்கத்தாரிடம் பேசி, உங்களைக் கலந்து பேசாமல் அந்த ஓடுகிற பகுதியை அமலுக்குக் கொண்டுவர மாட்டோம் என்று சொல்லியிருக்கிறது.

நான் 22 வருடமாக லாரித் தொழிலில் இருக்கிறேன். ஆரம்பத்தில் நாமக்கல்லில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் புக்கிங் கிளார்க். இப்போது சொந்தமாக மூன்று வண்டி. 2009ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் டிரைவர் ஒருவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்தார். இங்கே கோழித் தீவனத்துக்கு அந்தப் பக்கமிருந்து நிறைய வரும். ராத்திரி முழுக்க ஓட்டி, பெங்களூரைத் தாண்டி, மறுநாள் மதியம் 12 மணி வாக்கில் தீவன மில்லில் கொண்டுவந்து நிறுத்தினார். மூட்டை இறக்கி முடிக்கிறவரை டிரைவர் கூடவே நின்று எண்ண வேண்டும். நடுவில் ஒரு டயர் பஞ்சர், அதையும் பார்த்தார். ஆறு மணிக்கு ஆபீஸுக்குள் வந்து டிரிப் ஷீட்டை என் மேஜைமேல் வைத்தார்.

அன்று ராத்திரி எர்ணாகுளத்துக்கு முட்டை லோடு. அந்த வண்டிக்குப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல்.

"தம்பி, ரெண்டு மணி நேரம் கட்டையைச் சாய்ச்சுட்டுப் போறனுங்க" என்றார்.

"அண்ணா, காலைல ஆறு மணிக்குப் பார்ட்டி ஆளை வெச்சுட்டு நிப்பாங்க. போய் இறக்கிப் போட்டுட்டு அங்கயே நல்லாத் தூங்குங்கண்ணா" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசல் குழாயில் துண்டை நனைத்து, பிழியாமலே தலையில் கட்டிக்கொண்டார். தண்ணீர் சட்டைக் காலரில் இறங்கியது. அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்டில் இரண்டு மணி நேரம். ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய வாளையாரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வரிசையில் தூங்க முடியாது. முன் வண்டி பத்தடி நகர்ந்தால் பின் வண்டிக்காரன் ஹாரனை விடமாட்டான். காலை நாலரைக்குப் பாலக்காடு தாண்டி, ஆலத்தூருக்கு இந்தப் பக்கம், அவருக்குக் கண் சொருகிவிட்டது. எதிரே டிவிஎஸ் 50ல் பால் கேனோடு வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார்.

கேஸ் டிரைவர்மேல். நஷ்ட ஈடு இன்சூரன்ஸ் கணக்கில். போலீஸ் எங்கள் ஆபீஸில் கேட்டது வண்டிக் காகிதங்கள் மட்டும். முப்பது மணி நேரமாகத் தூங்காத ஆளை இன்னொரு ராத்திரி ஓட்டச் சொன்னது யார் என்று போலீஸும் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை, ஜட்ஜும் கேட்கவில்லை.

4 ஜனவரி 2024

திருத்தம். 7 லட்சம் அபராதம் என்று நேற்று எழுதியது தப்பு. வாட்ஸப்பில் சுற்றியதை நம்பி எழுதிவிட்டேன். பிரிவை எடுத்துப் படித்தேன், தொகை எதுவும் அதில் இல்லை. சிறையோடு அபராதமும் உண்டு என்று மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடத்தைவிட்டு நகர்வதை மட்டும் வைத்து அந்தப் பிரிவு ஆளைப் பிடிப்பதில்லை. சம்பவம் நடந்த கையோடு போலீஸ் அதிகாரிக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பித்தால்தான் அந்த 10 வருடம். உயிருக்குப் பயந்து விலகிப் போய்ப் பக்கத்து ஸ்டேஷனில் சொல்கிறவரை அது குறிவைக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஸ்ட்ரைக்கில் இருக்கிற டிரைவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

5 ஜனவரி 2024, காலை

"டிரைவர் முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, யாரு கழுத்துல கத்தி வெச்சா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சொல்லியிருக்கலாம். அதனால்தான் அவர் குற்றமில்லாதவர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தூக்கம் வந்தும் ஓட்டினார், ஓரம் கட்டவில்லை. அது அவருடையது.

ஆனால் டிரைவர் பொறுப்பு என்று முடிவானதும் மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். பொறுப்பைப் பாகப்பிரிவினை மாதிரி நினைக்கிறோம், மூத்தவனுக்கு முழு நிலமும் போய்விட்டால் இளையவனுக்கு ஒன்றும் இல்லை என்று. அப்படி இல்லை. வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவனைக் கேளுங்கள். கடன் வாங்கியவனும் முழுத் தொகைக்குப் பொறுப்பு, ஜாமீன் போட்டவனும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. ஒருவனைக் கேட்டதால் இன்னொருவனுக்குப் பாதி தள்ளுபடி ஆவதில்லை. அந்த ராத்திரியும் அப்படித்தான். அவரும் முழுசாக, நானும் முழுசாக.

5 ஜனவரி 2024, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஜாமீன் உதாரணம் பணத்துக்குச் சரி. மனுஷனுக்கு முழுசாகப் பொருந்துமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் அவருக்கும் எனக்கும் இருந்த வாய்ப்பு ஒன்றல்ல.

டிரைவர் சம்பளம் அன்றைக்குப் பெரும்பாலும் டிரிப் படிதான். வண்டி ஓடினால் காசு. நின்றால் வீட்டில் அடுப்பு யோசிக்கும். ஒரு டிரிப்பை மறுத்தால் சாவி அடுத்த ஆள் கைக்குப் போகும், இரண்டு முறை மறுத்தால் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவோம். நான்தான் கூப்பிடுகிறவன், அதனால் தெரியும்.

எனக்கு என்ன ஆகியிருக்கும்? நான்கு மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் பார்ட்டி போனில் கத்தியிருப்பார், முதலாளி மறுநாள் திட்டியிருப்பார். வேலை போயிருக்காது. மாதச் சம்பளம் அப்படியே வந்திருக்கும். அவர் மறுப்பதற்கு ஆகிற விலையையும் நான் நிறுத்துவதற்கு ஆகிற விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுலபமாகத் தடுத்திருக்கக் கூடியவன் நான். ஒரு காரியத்தை நல்லது கெட்டது என்று எடை போடும்போது நான் இரண்டைத்தான் கேட்கிறேன். தெரியுமா? தடுத்திருக்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், கையில் ஸ்டீயரிங் இருந்ததா இல்லையா என்பது அப்புறம்.

8 ஜனவரி 2024

வேலை நேரத்துக்குச் சட்டமே இல்லையா என்று கேட்டிருந்தார்கள். 1961லேயே இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூர வண்டிகளுக்கு அனுமதியோடு 10, 54 வரை போகலாம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் டிரைவரின் வேலை நேரத்துக்கு இந்தச் சட்டத்தைத்தான் காட்டுகிறது.

2009ல் எனக்கு இது தெரியாது. ஆபீஸில் எவருக்கும் தெரியாது. அதைச் சாக்காகச் சொல்ல வரவில்லை. சட்டம் தெரியாது, ஆனால் அவர் கண் சிவந்திருந்தது தெரியும். ஈரத் துண்டைத் தலையில் கட்டுகிற ஆள் எதற்குக் கட்டுகிறார் என்பதும் தெரியும்.

16 ஜனவரி 2024, மாட்டுப் பொங்கல்

மாமனார் ஊர் திருவாரூர் பக்கம். கோயிலுக்குப் போய்விட்டு அந்தக் கல்தேரைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னபோதுதான் உறைத்தது, நமக்குத் தெரிந்த ரோட்டு விபத்துக் கேஸ்களில் இதுதான் பழசு.

இளவரசன் தேரில் போகிறான், கன்றுக்குட்டி யாரும் பார்க்காத நேரத்தில் குறுக்கே பாய்ந்து சக்கரத்தில் சிக்குகிறது. தாய்ப்பசு வந்து மணியை இழுக்கிறது. மந்திரிகள் பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம் என்கிறார்கள், ராஜா ஒப்பவில்லை. மகன்மேல் தேரை ஏற்று என்று ஒரு மந்திரிக்கு உத்தரவு போடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பிறகு ராஜா தேரேற்றினார் என்று நேராக முடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். அந்த மந்திரி தேரை ஏற்றவில்லை, தன் உயிரை விட்டுவிடுகிறார். அதற்கப்புறம்தான் ராஜா தானே ஏறி ஓட்டுகிறார். உத்தரவு போட்டவன் கையாலேயே செய்ய வேண்டியதாயிற்று. கடைசியில் எல்லோரும் உயிரோடு எழுகிறார்கள், அது சிவன் அருள். ஆலத்தூரில் அப்படி எதுவும் நடக்காது.

சின்ன வயதில் எனக்கு ராஜாவைப் பிடித்தது. இப்போது அந்த மந்திரிதான் கண்ணுக்குத் தெரிகிறார். "மேலே சொன்னாங்க, செஞ்சேன்" என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கதையில் ராஜா ஒரு கணக்குச் சொல்கிறார். அரசன் உயிர்களை ஐந்து பயத்திலிருந்து காக்க வேண்டும். தன்னால் வருவது, தன் ஆட்களால் வருவது, பகைவரால், கள்வரால், விலங்குகளால். அந்த வரிசையில் முதலில் நிற்பது கள்வனும் புலியும் இல்லை, "தன்னால்" என்பது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து சாவி கொடுக்கிற எவனும் படிக்க வேண்டிய வரிசை அது.

19 ஜனவரி 2024

மெல்பர்னில் லாரி ஓட்டுகிற நம்ம ஊர்க்காரர் ஒருவர் சொன்ன தகவல். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் கனரக வண்டிகளுக்கு ஒரே சட்டம். அதில் "பொறுப்புச் சங்கிலி" என்று ஒரு ஏற்பாடு. வண்டிக்காரர், சரக்கு அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், வாங்குகிறவர், டிரிப் நேரம் போடுகிறவர், எல்லோருக்கும் அதில் கடமை உண்டு. டிரைவர் தூங்காமல் ஓட்ட வேண்டி வருகிற மாதிரி நேரம் போட்டால், நேரம் போட்டவர்மேலும் வழக்கு வரும்.

டிரிப் நேரம் போடுகிறவர். 2009ல் என் வேலைக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்திருந்தால் நான் அன்று வேறு மாதிரி நடந்திருப்பேனா? நடந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், பயத்தினாலாவது. பயந்து செய்த நல்லது நல்லதாகுமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். பால்காரர் உயிரோடு இருந்திருப்பார், எனக்கு அது போதும்.

நம் சட்டத்துக்கும் கை நீள்வது தெரியாமல் இல்லை. 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டி மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் செய்தால், அதில் 2019ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி அப்பா அம்மாவுக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சாவி கொடுத்தவனைப் பிடிக்கலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டாயிற்று. லோடு ஆபீஸ் வாசல் வரைக்கும் வர மட்டும் மனசில்லை.

27 ஜனவரி 2024, இரவு 1.20

முதல் நாள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

விபத்து நடந்ததும் அவர் எனக்குத்தான் போன் செய்தார். 4.40 மணி. வீட்டில் படுத்திருந்தேன்.

"தம்பி, ஆளு மேல ஏத்திப்புட்டேன்."

நான் சொன்னது: "அண்ணா, அங்க நிக்காதீங்க. ஓடிருங்க. அடிச்சே கொன்னு போடுவாங்க." அதற்கு அடுத்ததாக நான் கேட்டது: "லோடு கவுந்துருச்சுங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. போன் கட்டாகிவிட்டது. ரோட்டுக்குப் பக்கத்து வயலில் இறங்கி ஓடியிருக்கிறார். காலை ஒன்பது மணிக்குத் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் நின்றார்.

"ஓடுவது தப்பு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை" என்று இந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான். அந்த வரியை எழுதும்போதே கை நின்றது. ஓடு என்று சொன்னவன் நான் என்று எழுதியிருந்தால் இத்தனை தீர்ப்பும் சொல்லியிருக்க முடியாது.

அவர் உயிருக்காகப் பயந்து சொன்னேனா, கம்பெனிக்காகச் சொன்னேனா? பதினாலு வருடமாகப் பிரித்துப் பார்க்கிறேன், இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. கூட்டம் அடிக்கும் என்பது பொய்யான பயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு டிரைவர் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது, ஆனால் கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் என்று ஒரு விலக்கையும் அதே வரியில் வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே நம் ரோடு தெரிந்திருக்கிறது. ஆனால் லோடு கவிழ்ந்ததா என்று கேட்டது எந்தப் பயத்தில் சேரும்? அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை.

29 ஜனவரி 2024

நேற்று வந்த மூன்று பதில்களும் ஆறுதல். "பதட்டத்துல யாரும் அப்படித்தான் பேசுவாங்க." நன்றி. ஆனால் அதே பதட்டத்தில் வேறு மாதிரி நடந்த ஒருத்தன் அங்கேயே இருந்தான். அவனைப் பற்றி எழுத வேண்டும்.

கிளீனர். 19 வயது. டிரைவர் வயலில் இறங்கியபோது இவன் இறங்கவில்லை. மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. ரோட்டு நடுவில் கையை விரித்து நின்று ஒரு வேனை மறித்து, அந்த மனிதரைத் தூக்கி ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். வேன் வருவதற்கு முன்னாலேயே கூடிய ஆட்கள் அவனை அடித்தார்கள். முன்பல் பாதி போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தான். "அண்ணா, அவரு செத்துப் போயிட்டாருங்க. அவரு சட்டைப் பையில பால் கணக்கு நோட்டு இருக்குதுங்க, யாருகிட்டக் குடுக்கறதுங்க?"

அவனுக்கு அங்கே நிற்கவேண்டிய கடமை என்ன? அவன் ஓட்டவில்லை. அவனும் ஓடியிருந்தால் எந்தப் போலீஸும் தேடியிருக்காது. அவனும் டிரைவரும் வண்டியோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் கணக்குப் பார்த்தேன். எந்த வண்டி என்று தெரியாத விபத்தில் உயிர் போனால் அன்றைக்கு அரசாங்கத் திட்டத்தில் கிடைத்தது 25,000 ரூபாய். 2022 ஏப்ரலில்தான் அதை 2 லட்சமாக உயர்த்தினார்கள். வண்டி நின்றதால் குடும்பத்துக்கு டிரிப்யூனலில் நஷ்ட ஈடு கிடைத்தது. நிற்பதா ஓடுவதா என்பது டிரைவர் மனசாட்சியோடு முடிகிற விஷயம் இல்லை, செத்தவர் வீட்டுச் சோறும் அதில் இருக்கிறது.

அன்றைக்கு அவனைக் காப்பாற்ற ஒரு சட்டமும் இல்லை. உதவி செய்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை ஏற்றது 2016ல், சட்டத்தில் 134ஏ பிரிவாக வந்தது 2019ல். தமிழ்நாட்டில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு லட்சம் வரை அரசே ஏற்கும் என்ற திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இதெல்லாம் நல்ல ஏற்பாடு. ஆனால் இவை எதுவும் இல்லாத காலத்தில் அவன் நின்றான்.

இப்போது என் வண்டி ஒன்றை அவன்தான் ஓட்டுகிறான். அந்தப் பல்லைக் கட்டிக்கொள்ளச் சொன்னால், "இது இருந்தாத்தான் டோல்கேட்ல பயப்படறாங்க" என்று சிரிக்கிறான்.

6 பிப்ரவரி 2024

தத்துவம் படித்த ஒருவர் ஒரு தகவல் தந்தார். 1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் எடுத்துக்கொண்ட உதாரணமே லாரி டிரைவர்தானாம். தன் தப்பே இல்லாமல் ஒரு குழந்தைமேல் வண்டி ஏறிவிட்ட டிரைவர். பக்கத்தில் நின்று பார்த்தவர்களைவிட அவருக்கு வேறு விதமாக வலிக்கும், வலிக்கவும் வேண்டும், "உன் தப்பு இல்லையே" என்று சொன்னதும் அவர் உடனே சமாதானம் ஆகிவிட்டால் நமக்கே உறுத்தும் என்கிறார்.

அதே வருடம் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் கேட்டது இன்னொன்று. ஒரே மாதிரிக் கவனக்குறைவாக ஓட்டிய இரண்டு பேரில் ஒருவன் முன்னால் ஆள் வந்தது, இன்னொருவன் முன்னால் வரவில்லை. அதிர்ஷ்டம் மட்டும்தான் வித்தியாசம். ஒருவன் மட்டும் எப்படிக் கொலைகாரன் ஆகிறான்?

இதைப் படித்ததும் எனக்குப் பால்காரர் ஞாபகம் வரவில்லை. அதற்கு முந்தைய ஏழு வருடம் ஞாபகம் வந்தது. தூக்கக் கலக்கத்தோடு நான் அனுப்பிய டிரைவர்கள் எத்தனை பேர்? வாரத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் எழுநூறைத் தாண்டும். அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த எழுநூறு ராத்திரிக்கும் நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நான் செய்தது எல்லா ராத்திரியும் ஒன்றேதான். ஆலத்தூரில் மட்டும் எதிரே ஆள் வந்தார்.

11 பிப்ரவரி 2024

"இப்படியே போனா ஆறு மணிக்கு முட்டை கேட்ட பார்ட்டி, காலைல ஆம்லெட் சாப்பிட்டவன் எல்லாரும் குற்றவாளிதான். எல்லாரும் பொறுப்புன்னா யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம்."

இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தேன். ஆம்லெட் சாப்பிட்டவருக்கு அந்த டிரைவரைத் தெரியாது, அந்த வண்டியை நிறுத்தவும் முடியாது. என் இரண்டு கேள்வியிலும் அவர் தாண்டிவிடுகிறார். பார்ட்டி? தாமதமானால் பணம் பிடிப்பேன் என்று சொல்கிறவர், அந்த நேரத்தில் எப்படி வந்து சேரும் என்று கேட்காமலே இருக்கிறார். தெரிந்துகொள்ளக் கூடாது என்றே தெரியாமல் இருப்பவர். அவரை நான் விடமாட்டேன். முதலாளியையும் விடமாட்டேன், அன்று காலை அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை அட்டை முட்டை உடைந்தது என்பது. நானும் அதைத்தான் கேட்டிருந்தேன், அதனால் அவரைத் தனியாகத் திட்ட முடியவில்லை.

25 பிப்ரவரி 2024

அறிவிப்பு வந்துவிட்டது. புதுச் சட்டம் ஜூலை 1 முதல். 106ன் இரண்டாம் உட்பிரிவு, அந்த 10 வருடம், மட்டும் இப்போதைக்கு இல்லை. டிரைவர்களுக்கு மூச்சு வந்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்றும் ஏற்கெனவே அறிவித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு கேபினில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தூங்குகிற நேரத்தை யார் அறிவிப்பது?

3 மார்ச் 2024

அந்த டிரைவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இதையெல்லாம் எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை. கீழ்க்கோர்ட்டில் ஆறு மாதம் தண்டனை ஆகி, அப்பீலில் வெளியே வந்தவர். அதற்கப்புறம் பெரிய வண்டி தொடவில்லை. ஒரு தீவன மில்லில் எடைமேடையில் இருக்கிறார்.

போன் விஷயத்தைச் சொன்னேன். "நீ சொல்லாட்டியும் ஓடியிருப்பேன் தம்பி. நீ பேசறதுக்கு முன்னாடியே கால் வரப்புல இருந்துச்சு" என்றார். என்னைத் தேற்றத்தான் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். எடைச் சீட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அன்னிக்கு நான் போகலை, படுத்துக்கறேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வேற டிரைவரைக் கூப்பிட்டிருப்பேங்கண்ணா."

"அவன் தூங்கியிருந்திருப்பானா?"

எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கேட்டிருக்க மாட்டேன்.

4 மார்ச் 2024

ஒரு திருத்தம், நேற்று அவர் சொன்னது. முதல் நாள் "முப்பது மணி நேரமாகத் தூங்காத ஆளை" என்று எழுதியிருந்தேன். டிரிப் ஷீட்டில் தாவணகெரேயில் வண்டி கிளம்பிய நேரம் ராத்திரி 10. அதிலிருந்து விபத்து நேரம் வரை எண்ணினேன். அதுவே தப்பு. அன்று விடியற்காலை 5 மணிக்கே எழுந்து மண்டி வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். பகல் முழுக்க வரிசை, அப்புறம் ஏற்றுக்கூலி ஆட்களோடு நின்று மூட்டை எண்ணியது. கிருஷ்ணகிரிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஓரம் கட்டிப் படுத்ததைக் கழித்தாலும் 45 மணி நேரத்துக்குமேல் வருகிறது.

எங்கள் ஷீட்டில் வண்டி கிளம்பிய நேரம் உண்டு, சேர்ந்த நேரம் உண்டு. டிரைவர் எழுந்த நேரம் கிடையாது. என்னுடைய மூன்று வண்டிக்கும் இன்று காலை வரை அதே ஷீட்தான் ஓடியது. புதுசாக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன், ஒரு கட்டம் கூடுதலாக. அது வருகிறவரை பேனாவால் கோடு போட்டு எழுதிக்கொள்கிறோம். இன்று ராத்திரி சேலத்திலிருந்து கிளம்புகிறவர், கிளீனராக இருந்தவர்தான், காலை 9.15 என்று எழுதியிருக்கிறார்.